மூத்திரப் பை நிபுணர்

எங்கள் மருத்துவமனையில் எலும்புக்கு ஒரு டாக்டர் உண்டு, கண்ணுக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒரு டாக்டர். மூத்திரப் பைக்கு நான்.

இதைப் பெருமையாகச் சொல்கிறேனா, புலம்பலாகச் சொல்கிறேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. நான் கால்நடைச் செவிலியர். திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சந்துக்குள் இருக்கும் மிருக மருத்துவமனையில் வேலை. தடுப்பூசி, பூச்சி மாத்திரை எல்லாம் எங்களிடம் வராது; மற்ற டாக்டர்கள் கையை விரித்த பிறகு அனுப்புகிற கேஸும் அவசர கேஸும்தான் வரும். ராயபுரத்தில் என் மாமியார் மட்டும், "எம்மருமவ பெரிய ஆஸ்பத்திரில நர்ஸ்" என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். என்ன ஆஸ்பத்திரி என்பதை விழுங்கிவிடுவார். விளைவு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் யாராவது ஒருத்தர் வீங்கின காலோடு உட்கார்ந்திருப்பார். "எனக்கு நாயும் பூனையும்தான் தெரியும்க்கா" என்றால், "பரவால்ல, நாய்க்கு இன்னா போடுவியோ அத்தயே போடு. என் காலு இன்னா கேக்கவா போவுது?" என்பார்கள்.

நாயும் பூனையும் மட்டும் தெரிந்தால் எங்கே வேலை ஓடுகிறது? காலையில் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து இயந்திரத்தின் பக்கத்தில் நின்று மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் நான். அது முடிந்ததும் ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு எக்ஸ்ரே மேஜையில் நாயைக் கட்டிப்பிடித்து நிற்கிறவள். சாப்பிட உட்காருவதற்குக் கொஞ்சம் முன்னால் மைக்ராஸ்கோப்பில் யாரோ ஒரு ராட்வீலர் நாயின் மலத்தை உற்றுப் பார்க்கிறவள். டாக்டர் சொன்னதை வீட்டுக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லி, அழுதால் தண்ணீர் கொடுத்து, கத்தினால் வாங்கிக்கட்டிக்கொள்கிறவளும் நானே. ஒருமுறை ஒரு கிளிக்குச் சொட்டு மருந்து கொடுக்கப் போனேன். அது என்னைத் திட்டிய திட்டில் வார்டே விழுந்து விழுந்து சிரித்தது. காசிமேட்டு மீன் சந்தையில் வளர்ந்த கிளி, குற்றம் சொல்லக்கூடாது.

இத்தனை வேடத்திலும் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மூத்திரப் பைதான். முதுகுத்தண்டில் அடிபட்ட நாய்க்குப் பின்னங்கால் மட்டும் போவதில்லை. ஒன்றுக்குப் போகிற உணர்வும் சேர்ந்தே போய்விடும். பை நிரம்பிக்கொண்டே இருக்கும், வெளியே வராது. அப்படியே விட்டால் கிருமி வந்து உயிருக்கே ஆபத்து. அதனால் யாராவது வயிற்றின் இரண்டு பக்கமும் கையை வைத்து, பை எங்கே இருக்கிறது என்று தடவிக் கண்டுபிடித்து, பதமாக அழுத்தி வெளியேற்ற வேண்டும். அழுத்தம் கூடினால் வலிக்கும், குறைந்தால் வராது. எனக்கு இது சேர்ந்த புதிதிலேயே கைவந்துவிட்டது. கல்யாண வீடுகளில் எல்லாரும் தங்கள் பிள்ளைகள் வாங்கிய மார்க்கைப் பேசும்போது, நான் கைவிரல்களை நீட்டிக் காட்டி இந்தத் திறமையைப் பேசியிருக்கிறேன். பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் என்னை எழுப்பி வேறு பந்தியில் உட்கார வைத்தார்கள்.

சரி, அந்த நாய்க்கு வருகிறேன்.

செம்பட்டை நிறம், நாட்டு நாய், ஒரு காது மடங்கியிருக்கும். எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டி நிற்குமே, அதில் ஒரு டிரெய்லர் டிரைவரின் நாய். வரிசையில் வண்டி நின்றிருந்தபோது கீழே இறங்கி நின்றிருக்கிறது. பைக்கில் வந்த ஒருவன் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டான். டிரைவர் அதைத் தன் கைலியில் சுருட்டித் தூக்கிக்கொண்டு, அரை டிராயரோடு எங்கள் வரவேற்பறையில் வந்து நின்றார். பக்கத்தில் ஒரு அம்மாள் தன் பஞ்சு மாதிரியான வெள்ளைக் குட்டியை மடியில் இழுத்து மூடிக்கொண்டார்.

"பேர் என்ன அண்ணே?" என்று கேட்டேன்.

"பேரா? பேரெல்லாம் இன்னாத்துக்கு சிஸ்டர்? நைனான்னு கூப்ட்டா வருவான். எய்ந்து நிப்பானா, அத்த சொல்லு மொதல்ல."

எங்கள் மருத்துவமனையில் கையில் வசதி இல்லாதவர்களின் மிருகங்களுக்கென்று தர்மத்தில் ஓடுகிற ஒரு பகுதி உண்டு. அதில் சேர்த்தோம். எலும்பு டாக்டர் ஆபரேஷன் செய்தார். சின்ன வயதுப் பெண், கத்தியைப் பிடித்தால் நிதானம், மற்ற நேரத்தில் நிதானம் கிடையாது. மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது நைனாவின் தலை என் மடியில் இருந்தது. என்னைப் பார்த்து ஒரு உறுமல் உறுமினான். அவ்வளவுதான் எங்கள் முதல் அறிமுகம்.

பிறகு வாரக்கணக்கில் அவன் என் பொறுப்பு. கால்களை மடக்கி நீட்டுவேன், வயிற்றுக்குக் கீழே ஒரு துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து நடக்கப் பழக்குவேன், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுவேன். பின்னங்கால்கள் மெல்ல மெல்லத் தேறின. முதலில் நின்றான், பிறகு குடித்தவன் மாதிரி நாலு எட்டு வைத்தான். வார்டில் நான் போட்ட கூச்சலில் பூனைகள் எல்லாம் கூண்டுக்குள் பதுங்கிக்கொண்டன. ஆனால் ஒன்றுக்கு மட்டும் அவனாகப் போகவில்லை. அதற்கு என் கை வேண்டும். வேளாவேளைக்கு நான் போய்க் கையை வைப்பேன். அவனும் பெரிய மனிதன் முடிதிருத்தகத்தில் உட்காருகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வான்.

டிரைவர் சரக்கை இறக்கிவிட்டு வருகிற போதெல்லாம் வந்து பார்ப்பார். அவருக்கு வீடு என்று ஒன்று இல்லை. பெண்டாட்டி காலமாகிவிட்டார், குழந்தை இல்லை. வண்டியின் கேபினில்தான் சமையல், தூக்கம், எல்லாம். வரிசையில் நிற்கிற நேரமெல்லாம் பேச்சுத் துணை நைனா. ஒருநாள் அவர் வாடிய முகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"ஓனரு சொல்லிட்டாரு சிஸ்டர். நாய் இர்க்கட்டும், ஆனா கேபின கலீஜ் பண்ணா வண்டில ஏத்தக்கூடாதாம். நொண்டிகினு வந்தாகூட பரவால்ல. ஒண்ணுக்கு மட்டும் அவனா போய்ட்டான்னா போதும், கூட்டிக்கினு பூடுவேன்."

"நீங்களே அழுத்தி எடுக்கக் கத்துக்குங்களேன். நான் சொல்லித்தரேன்."

கற்றுக்கொடுத்தேன். நாற்பதடி வண்டியைக் குறுகலான சந்தில் ரிவர்ஸ் எடுக்கிற கை, நாயின் வயிற்றில் வைத்த இடத்திலேயே நின்றுவிட்டது. அழுத்தினால் உடைந்துவிடுமோ என்று அவர் பயந்தார். நைனா திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் கொஞ்சம்கூட மரியாதை இல்லை. "வாணா சிஸ்டர், எனக்கு வராது. இவன சாவடிச்சிருவேன்" என்று எழுந்துவிட்டார்.

வார்டில் எத்தனை நாள்தான் வைத்திருக்க முடியும்? அடுத்த முதுகுத்தண்டு கேஸ் வாசலில் நின்றது. கொடுங்கையூர்ப் பக்கம் ஆதரவில்லாத நாய்களுக்கு ஒரு காப்பகம் இருக்கிறது. அங்கே பேசி வைத்தோம். அங்கே போனால் சோறு கிடைக்கும், மருந்து கிடைக்கும், இந்த மனிதர் கிடைக்க மாட்டார். அது எல்லோருக்குமே புரிந்திருந்தது. டிரைவர்தான் மெதுவாக ஒன்று சொன்னார்.

"ஒண்ணு கேக்கட்டா? வண்டி கெளம்பசொல்லோ, முன்னால லெப்ட் டயர் மேல இவன் ஒண்ணுக்கு வுட்டாத்தான் நான் ஸ்டார்ட்டே பண்ணுவேன். மத்தவங்கோ எலுமிச்சம்பயம் வெப்பாங்கோ, எனக்கு இவன்தான். அந்த டயர பாத்தா போவானோ இன்னாவோ?"

எலும்பு டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல ஐடியாங்க. நாளைக்கு உங்க வண்டி வரிசையில வரும்போது கூட்டிட்டு வரோம். அவனா போனான்னா அப்படியே ஏத்திட்டுப் போங்க. இல்லேன்னா சாயங்காலம் காப்பகத்து வேன் வரும்."

மறுநாள் நான் புது யூனிபார்ம் போட்டுக்கொண்டு வந்தேன். கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல். எதற்கு என்கிறீர்களா? நடுரோட்டில் டிரைவர்கள் எல்லாம் பார்ப்பார்கள், போட்டோகூட எடுப்பார்கள், அதில் நான் அழகாக இருக்க வேண்டாமா? எம்.கே.பி. நகரிலிருந்து வருகிற என் ஜூனியர், "இன்னாக்கா, நாய்க்கு டிஸ்சார்ஜா, உனக்கு நிச்சயதார்த்தமா?" என்று கேட்டாள். "வேலையப் பாருடி" என்றேன். மத்தியானம், டிரைவரின் வண்டி சந்து முனைக்கு வந்துவிட்டதாகப் போன் வந்தது. நைனாவைத் தூக்கி மேஜையில் வைத்து, பல்லெல்லாம் துடைத்து, ரோமம் வாரி, கிளப்பிக்கொண்டு போனேன். டாக்டரும் ஜூனியரும் கூட வந்தார்கள்.

எண்ணூர் சாலையில் வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கடலோரம், ஒரு பக்கம் டீக்கடைகள். நைனா தன் வண்டியைப் பார்த்தானோ இல்லையோ, என் கையிலிருந்த துண்டை இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தான். டாக்டர் அவனுக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டே நடந்தார். டிரைவர் கேபினிலிருந்து குதித்து இறங்கினார். நைனா தள்ளாடித் தள்ளாடிப் போய் அந்த டயரை மேலும் கீழும் மோந்தான். காலைத் தூக்க முடியாது என்று அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். பின்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தி நின்றான். முக்கினான். சுற்றி நின்ற டிரைவர்கள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு சொட்டுகூட வரவில்லை.

இன்னொரு முறை மோந்தான், இன்னொரு முறை நின்றான். அப்புறம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். டாக்டரும் என்னைப் பார்த்தார்.

"சிஸ்டர், கடைசியா எப்ப பையை அழுத்தி எடுத்தீங்க?"

"இப்பதான் டாக்டர், வெளிய வர்றதுக்கு முன்னாடி." வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன் என்பதுதான் கொடுமை. "ஒரு சொட்டு இல்லாம சுத்தமா எடுத்துட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. வார்டை விட்டு எந்த நாய் வெளியே போனாலும் முதலில் பையைக் காலி செய்வது எங்கள் வழக்கம். தரையும் கெடாது, நாங்களும் நனைய மாட்டோம். என்னைக் கேட்காமலேயே கை அதைச் செய்துவிடும். போதாக்குறைக்குக் கஞ்சி போட்ட யூனிபார்ம் வேறு. ஒன்றுக்குப் போகிறானா என்று பரீட்சை வைக்கக் கூட்டிப்போகிற நாயை, உட்கார்ந்து பிழிந்து எடுத்துவிட்டு அழைத்து வந்த மேதாவி உலகத்திலேயே நான் ஒருத்திதான். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். என் ஜூனியர் டயருக்குப் பின்னால் போய் நின்று சிரித்தாள். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

டிரைவருக்கு எதுவும் புரியவில்லை. அவர் கண்ணுக்கு நாய் தோற்றுவிட்டது, அவ்வளவுதான். கீழே குந்தி நைனாவின் மடங்கின காதை நீவிவிட்டுக்கொண்டே, "பரவால்ல நைனா. நீ இன்னா பண்ணுவ? அங்க சோக்கா வெச்சிப்பாங்கோ. லீவு வுட்டா நான் வந்து பாக்கறேன்" என்றார்.

"அண்ணே, அவன் மேல தப்பில்லண்ணே! நான்தான் எல்லாத்தையும் எடுத்துட்டேன்!" என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னா சிஸ்டர் நீ? டாங்க்கு காலி பண்ட்டு வண்டிய ஓட்டிப் பாக்கறியா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிக்கட்டும், எனக்கென்ன. ஆனால் அந்த நேரம் பார்த்து வரிசை நகர்ந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரனில் கையை வைத்தன. அவர் வண்டியை எடுத்தாக வேண்டும்; விட்டால் வரிசையில் அவர் இடம் போய்விடும். பை நிரம்பச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் அவர் துறைமுக வாசலை நெருங்கியிருப்பார், காப்பகத்து வேன் எங்கள் வாசலில் நிற்கும்.

"நானும் வண்டியில போறேன் டாக்டர்" என்றேன். "வாசல் வரைக்கும் ஊர்ந்துக்கிட்டுதானே போகும். தண்ணி கொடுத்துக்கிட்டே போறேன். அவன் போனா வண்டியிலயே விட்டுட்டு வந்துடறேன். இல்லேன்னா ஆட்டோவுல கூட்டிட்டு வரேன்."

டாக்டர் யோசித்தார். "போங்க. ஆனா ஒண்ணு. கை வைக்காதீங்க. எனக்கென்னமோ இவனால முடியும்னுதான் தோணுது. பை கொஞ்சம் நிறையறதுக்குள்ள நீங்க போய் நிக்கறீங்க. அவன் எப்ப முயற்சி பண்ணுவான்?"

இதைக் கேட்டதும் என் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை நாளாக நான் பெருமைப்பட்டுக்கொண்ட கை, கல்யாண வீட்டில் நீட்டிக் காட்டிய கை, அதுவேதான் குறுக்கே நின்றிருக்கிறது.

கேபினுக்குள் என்னை ஏற்றுவதற்குள் இரண்டு டிரைவர்கள் படாத பாடு பட்டார்கள். கஞ்சி போட்ட யூனிபார்மில் கிரீஸ் அப்பிக்கொண்டது. நைனா எனக்கும் டிரைவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டான். டீக்கடையில் வாங்கிய மோர், டிரைவர் வைத்திருந்த மீன் குழம்பில் தண்ணீர் விட்டு அலசியது, வெறும் தண்ணீர் என்று மாற்றி மாற்றி ஊற்றினேன். எல்லாவற்றையும் நக்கி நக்கிக் குடித்தான். வண்டி ஒரு வண்டி நீளம் நகரும், நிற்கும், மறுபடி நகரும்.

வெயில் சாய ஆரம்பித்தபோது அவன் முனக ஆரம்பித்தான். எனக்கு அந்த முனகல் தெரியும். வயிற்றை என் பக்கம் திருப்பிப் படுத்து, என் கையை மூக்கால் தள்ளினான். வா, உன் வேலையைச் செய் என்கிறான். தடவிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது, பை நன்றாக நிரம்பிவிட்டது. என் விரல்கள் தானாகவே மடங்கி நீண்டன. கொஞ்சமாக, ஒரே ஒரு அழுத்து அழுத்திவிட்டால் என்ன என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"இன்னா சிஸ்டர், குளுருதா?" என்றார் டிரைவர்.

"நீங்க ரோட்டப் பாருங்கண்ணே" என்று எரிந்து விழுந்தேன். நைனா என்னைப் பார்த்துக் குரைத்தான். அடிப்பாவி, இத்தனை நாள் பார்த்துக்கொண்டேனே, இவ்வளவு கல்நெஞ்சக்காரியா நீ என்று அவன் கேட்பது போலவே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

துறைமுக வாசல் தெரிய ஆரம்பித்தது. அதற்கு மேல் நான் வர முடியாது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, நைனாவைத் தூக்கிக் கீழே இறக்கினார். நான் சறுக்கிக்கொண்டு இறங்கினேன். நைனா டயரிடம் போனான், மோந்தான், பின்பக்கத்தைத் தாழ்த்தினான். பிறகு மறுபடியும் தலையைத் திருப்பி என்னைத்தான் பார்த்தான். நான் அங்கே நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டேதான் இருப்பான் என்று அப்போது புரிந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு கடல் பக்கம் திரும்பி நின்றேன். மாதாவே, என்னை அவன் மறக்கணும், இந்த ஒரு நிமிஷம் மறக்கணும் என்று வேண்டிக்கொண்டேன்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் வண்டிகளின் இரைச்சல்தான். பிறகு டிரைவர் போட்ட சத்தத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சிஸ்டர்! போறான் சிஸ்டர்! அவனே போறான்!"

திரும்பினேன். டயர் பாதி நனைந்து மின்னியது. தாரில் ஓடை மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. மோரும் மீன் குழம்பும் வீண்போகவில்லை. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தார். பின்னால் நின்ற வண்டிக்காரர்களுக்கும் எப்படியோ சேதி போயிருக்கிறது. ஒவ்வொருவராக ஹாரன் அடித்தார்கள், கோபத்தில் இல்லை. நான் கையை நீட்டிக்கொண்டு, "வாடா என் ராஜா" என்று கூப்பிட்டேன்.

நைனா உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு, தள்ளாடி நடந்து, நேராகக் கேபின் கதவுக்குப் போய் நின்றான். டிரைவர் அவனைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். வண்டி கிளம்பியது. ஜன்னலில் அவன் தலை தெரிந்தது, ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வெட்கமில்லாமல் கையை ஆட்டிக்கொண்டே நின்றேன். ஒரு தரம், ஒரே ஒரு தரம் திரும்பியிருக்கலாம். அவன் திரும்பாமல் போக வேண்டும் என்றுதானே இவ்வளவு பாடும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சொன்னதும் இன்னும் அழுகைதான் வந்தது. கிரீஸும் கண்ணீருமாக நடுரோட்டில் விசும்பிக்கொண்டு நின்றேன்.

வாசலில் நின்ற டிராபிக் போலீஸ்காரர் கிட்டே வந்தார்.

"இன்னாம்மா, இங்க நின்னு அய்துகினு கீற? அந்த வண்டில போறது யாரு, வூட்டுக்காரரா?"

"இல்ல சார். என் பேஷண்ட்டு" என்றேன். "இன்னிக்கு அவனே ஒண்ணுக்குப் போய்ட்டான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் போய்க்கொண்டிருந்த ஒரு ஷேர் ஆட்டோவைத் தானே கைகாட்டி நிறுத்தி, "இந்தம்மாவ பத்தரமா எறக்கிவுடு" என்று சொல்லி ஏற்றிவிட்டார்.